செங்கால் கட்டைக்கு எந்த பேட்டரி டிரில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தோட்டத்து லயன் வீடுகளை இடித்தபோது வாங்கிப் போட்ட உத்தரமும் நிலைச்சட்டமும் மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சுற்றி எத்தனையோ வீட்டுக் கொல்லையில் இன்னும் அடுக்கிக் கிடக்கின்றன. அந்த மரத்தில் ஆட்டுக் கொட்டகை போட வேண்டும், முன்வாசலில் ஊஞ்சல் மாட்ட வேண்டும், கேட்டுக்குத் தூண் நட வேண்டும் என்று ஆசைப்பட்டு ஹார்ட்வேர் கடைக்குப் போய், எந்த டிரில்லை எடுப்பது என்று புரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தச்சுப் பட்டறை வைத்திருப்பவன். கீழே உள்ள கேள்விகள் பட்டறைக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை. செங்கால் போன்ற கடின மரத்தைத் துளைக்கும் வேலைதான் இங்கே முக்கியப் பேச்சு. மற்றதெல்லாம் இடையிடையே வரும்.

12 வோல்ட் டிரில் கைக்கு அடக்கமாக இருக்கிறதே, அது போதாதா?

மெராந்தி போன்ற லேசான மரப் பலகை, பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) செய்த அலமாரி, கதவுக் கீல், திரைச்சீலைக் கம்பி, இவ்வளவுதான் வேலை என்றால் தாராளமாகப் போதும். கையைத் தலைக்கு மேலே தூக்கி வேலை செய்யும்போது அதன் எடைக் குறைவின் அருமை தெரியும். ஆனால் நாலுக்கு நாலு அங்குலச் செங்கால் தூணில் போல்ட் ஓட்டை போடுவது அதன் வேலையே இல்லை. பிட் (டிரில்லில் மாட்டும் துளை முனை) 10 மி.மீ.யைத் தாண்டியதும் திணற ஆரம்பித்துவிடும். திணறத் திணற அழுத்தினால் மோட்டார் சூடாகி ஆயுள் குறையும். கடின மரம் என்று தெரிந்தால் 18 வோல்ட்டுக்குப் போய்விடுங்கள்.

18 வோல்ட்டை விட 20 வோல்ட் பலமானதா?

இல்லை. இரண்டிலும் உள்ளே இருப்பது வரிசையாக ஐந்து லித்தியம் செல்தான். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அளந்தால் 20க்கு மேல் காட்டும். அந்த உச்சத்தைச் சில கம்பெனிகள் பெட்டியில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று அச்சடிக்கின்றன. 12 வோல்ட் மேக்ஸ் என்பதும் இதே கணக்குதான்: மூன்று செல், 10.8 வோல்ட்.

ஆன்லைனில் '48விஎஃப்', '88விஎஃப்' என்று போட்டு இரண்டு பேட்டரியோடு மலிவாக விற்கிறார்களே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன். நம் பக்கத்தில் அதிகம் பேர் பணத்தை விடுவது இங்கேதான்.

லித்தியம் செல் முழுக்கச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். ஐந்து செல் என்றால் 21 வோல்ட், அதற்கு மேல் ஒரு துளிகூட வராது. நிஜமாகவே 48 வோல்ட் வேண்டுமானால் பதின்மூன்று செல்லை வரிசையாகக் கோர்க்க வேண்டும். 88 என்றால் இருபதுக்கு மேல். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பெட்டிக்குள் அத்தனை செல்லுக்கு இடம் ஏது? அந்த 'விஎஃப்' எந்த அளவும் இல்லை, வோல்ட் மாதிரி தெரியட்டும் என்று ஒட்டிய எழுத்து.

'15,000 மில்லி ஆம்பியர்' என்று போட்டிருப்பதையும் இப்படியே உரசிப் பாருங்கள். பழக்கத்தில் உள்ள 18650 அளவு செல்லில் நல்லது 3.5 ஆம்பியர் மணி வரை வரும். அதைவிடப் பருமனான 21700 செல் சுமார் 5. ஒரே வரிசையில் ஐந்து செல் வைத்த பேட்டரி அந்த ஒரு செல்லின் அளவைத் தாண்டவே முடியாது. சந்தேகமாக இருந்தால் மளிகைக் கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். பத்து செல் போட்ட நல்ல 5 ஆம்பியர் மணி பேட்டரி 600 கிராம் அளவுக்கு இருக்கும். கையில் எடுத்ததும் லேசாகத் தெரிந்தால் உள்ளே பாதி காலி.

சின்ன வேலைக்கு அந்த டிரில் ஓடும், மறுக்கவில்லை. செங்காலுக்கு வாங்காதீர்கள். உள்நாட்டு விற்பனையாளர் பொய்யான அளவைச் சொல்லி விற்று, பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான் (ரிங்கிட்); 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கிறார்கள். ரசீதையும், விற்பனைப் பக்கத்தில் அவர்கள் எழுதியிருந்ததன் படத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இரண்டு டார்க் எண் போட்டிருக்கிறதே, எதைப் பார்ப்பது?

சின்ன எண்ணை.

பிட்டைச் சுற்றும் முறுக்கு பலம்தான் டார்க். நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். பெரிய எழுத்தில் இருப்பது 'ஹார்ட்' டார்க்: திருகு இரும்பில் இறுகி முட்டி நிற்கும் அந்த ஒரு நொடியின் உச்சம். பிட் நிற்காமல் மரத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போது கிடைப்பது 'சாஃப்ட்' டார்க். அது ஏறக்குறைய பாதிதான் இருக்கும். மக்கித்தாவின் டிஎச்பி484 மாடலுக்கு 54, 30 என்றும், அதைவிடப் பெரிய டிஎச்பி486க்கு 130, 65 என்றும் கம்பெனியே கொடுத்திருக்கிறது. உச்ச எண்ணை மட்டும் போட்டு மற்றதை மறைக்கும் பெட்டியை நான் நம்புவதில்லை.

என் கணக்கு இது (மர வகைகளை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்). மெராந்தி முதல் கெம்பாஸ் வரை, 16 மி.மீ.க்குள் ஓட்டை என்றால் சாஃப்ட் டார்க் 30 போதும். செங்கால், பாலாவ் கட்டையில் 20, 25 மி.மீ. ஓட்டை அடிக்கடி போடுவீர்கள் என்றால் 45க்குக் கீழே இறங்காதீர்கள்.

அதோடு கியரையும் பாருங்கள். தலைமேல் 1, 2 என்று ஒரு தள்ளு பொத்தான் இருக்கும். 1இல் வேகம் நிமிடத்துக்கு 500 சுற்று அளவோடு நின்றுவிடும், பலம் முழுதாக வரும். 2இல் 2,000 வரை ஓடும், பலம் அதற்கேற்ப இறங்கும். 'என் டிரில்லுக்குப் பவர் இல்லை' என்று பட்டறைக்குக் கொண்டுவரும் டிரில்களில் பாதி 2ஆம் கியரில்தான் நிற்கின்றன. பொத்தானைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தால் அதே டிரில் அதே கட்டையில் இறங்கிவிடுகிறது. கியரை மாற்றும்போது மட்டும் டிரில் முழுக்க நின்றிருக்க வேண்டும். ஓட்டத்தில் தள்ளினால் பல் உடையும்.

எந்த மரம் எவ்வளவு கடினம்? வீட்டில் கிடப்பது என்ன மரம் என்றே தெரியவில்லை.

நம் நாட்டு மரங்களைக் கனம், நீடித்து நிற்கும் தன்மை ஆகியவற்றை வைத்துக் கனத்த கடின மரம், நடுத்தரக் கடின மரம், லேசான கடின மரம் என்று பிரித்திருக்கிறார்கள். செங்கால், பாலாவ் முதல் வகை. கெம்பாஸ், கெருயிங், காப்பூர் இரண்டாவது. மெராந்தி, ஞாத்தோ மூன்றாவது.

காய்ந்த செங்கால் ஒரு கன மீட்டர் 900 கிலோவைத் தாண்டும். பால்மரம் 560 முதல் 640 கிலோ. துளைக்கும்போது இந்த வித்தியாசம் கைக்கு நன்றாகத் தெரியும். மெராந்தியில் சுருள் சுருளாக வந்து கொட்டும் சிராய், செங்காலில் பொடிப்பொடியாக, சுடச்சுட வரும். டிரில்லின் சத்தம் ஒரு படி கீழே இறங்கும். புதிதாக வெட்டிய இடம் மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்து, காற்றுப் பட்டு நாளாக ஆகக் கருஞ்சிவப்பாகிவிடும். கொல்லையில் கிடக்கும் கட்டை கறுத்துப்போய் அடையாளம் தெரியாவிட்டால், ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, வரும் பொடியின் நிறத்தையும் கட்டையின் கனத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

மற்ற மரங்களுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. கெருயிங்கில் பிசின் கசியும்; பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு சிராயை வெளியே விடாது, அவ்வப்போது மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள். கெம்பாஸில் கல் மாதிரி கடினக் கோடுகள் ஓடும். சீராக இறங்கும் பிட் திடீரென்று ஒரு பக்கம் இழுத்தால் அந்தக் கோட்டில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். கெம்பாஸைக் கறையான் அரிக்கும், மருந்து ஏற்றாமல் மண்ணில் நடாதீர்கள். மெர்பாவில் சாதாரண இரும்புத் திருகு போட்டால் சுற்றிலும் கறுப்புக் கறை படியும். அதற்கு ஸ்டெயின்லெஸ் திருகுதான்.

பால்மரம் பற்றி ஒரு வார்த்தை. 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரங்களில் பலவும் அந்த வழியில் வந்தவைதான். இருபத்தைந்து முப்பது வருஷத்தில் பால் வற்றியதும் முன்பு விறகாகப் போனது. இன்று ஜொகூரின் மூவார் பக்கம் மேசை நாற்காலியாகி வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுகிறது. துளைக்க அருமையான மரம். ஆனால் மருந்து ஏற்றாத பால்மரத்தை வண்டு தூளாக்கிவிடும். எவ்வளவு நல்ல டிரில் வைத்திருந்தாலும் அப்படிப்பட்ட பலகையில் உழைப்பைப் போடாதீர்கள்.

2 ஆம்பியர் பேட்டரி மலிவாக இருக்கிறது. அடிக்கடி சார்ஜ் போட்டுக்கொண்டால் சரிதானே?

சரியில்லை. நிறையப் பேர் பேட்டரி ஆம்பியரை 'எவ்வளவு நேரம் ஓடும்' என்பதோடு மட்டும் முடிச்சுப் போடுகிறார்கள். கடின மரத்தில் 'எவ்வளவு பலமாக ஓடும்' என்பதையும் பேட்டரிதான் முடிவு செய்கிறது.

25 மி.மீ. ஆகர் பிட் (ஆழமான ஓட்டைக்கான, முனையில் திருகு உள்ள பிட்) செங்காலில் இறங்குகிறது, 20 நியூட்டன் மீட்டர் டார்க், நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அதற்கு சுமார் 630 வாட் தேவை. மோட்டாரிலும் கியரிலும் வீணாவதைச் சேர்த்தால் 800 வாட். 18 வோல்ட்டில் 800 வாட் எடுக்க 44 ஆம்பியர் ஓட வேண்டும். 2 ஆம்பியர் மணி பேட்டரியில் ஒரே வரிசையில் ஐந்து செல். அந்த 44 ஆம்பியரும் ஒவ்வொரு செல்லின் வழியாகவும் போகிறது. செல் சூடாகும், வோல்ட் சரியும், டிரில் பாதியில் நிற்கும். 5 ஆம்பியர் மணியில் ஐந்தைந்தாக இரண்டு வரிசை, பத்து செல். வரிசைக்கு 22 ஆம்பியர்தான். அதே டிரில், அதே பிட், பேட்டரியை மட்டும் மாற்றினால் வேறு டிரில் மாதிரி வேலை செய்வது இதனால்தான்.

கையில் இருக்கும் காசுக்குப் பெரிய டிரில்லும் 2 ஆம்பியர் பேட்டரியுமா, நடுத்தர டிரில்லும் 5 ஆம்பியர் பேட்டரியுமா என்று கேட்டால், இரண்டாவதை எடுங்கள் என்பேன். பேட்டரி நாளைக்கு வேறு கருவிக்கும் உதவும்.

பிரஷ்லெஸ் மோட்டார் கட்டாயமா?

கடின மரத்துக்கு ஆம். கார்பன் பிரஷ் உரசாததால் சூடும் இழப்பும் குறைவு, ஒரு சார்ஜில் அதிக ஓட்டை போடலாம், சுமை கூடும்போது உள்ளே இருக்கும் மின்பலகை பார்த்துக்கொள்ளும். பிரஷ் மோட்டாருக்கும் ஒரு நல்லது உண்டு: பிரஷ் தேய்ந்தால் கொஞ்சம் காசில் நாமே மாற்றிக்கொள்ளலாம். பிரஷ்லெஸில் மின்பலகை போனால் செலவு பெரிது. அதனால் வாரன்ட்டி அட்டையைக் கடைக்காரர் முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது. அது போதாதா அண்ணே?

திருகு முடுக்க அதற்கு நிகர் இல்லை. நீளமான கூரைத் திருகு, தடித்த கோச் திருகு எல்லாம் டக டகவென்று உள்ளே போகும், மணிக்கட்டும் நோகாது. ஓட்டை போடுவது வேறு வேலை. இம்பாக்ட் டிரைவர் தட்டித் தட்டிச் சுற்றும். பெரிய பிட்டைச் சீராகச் சுற்றாது, ஓட்டையின் வாய் பிய்ந்து நிற்கும். அறுகோணக் காம்பு உள்ள பிட் மட்டுமே அதில் மாட்டும். ஆட்டுக் கொட்டகை மாதிரி வேலைக்கு இரண்டும் பக்கத்தில் இருந்தால் சுகம்: ஒன்றில் துளை, மற்றதில் முடுக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டிரில்லை வாங்குங்கள்.

எந்த பிட் வாங்குவது?

டிரில்லுக்கு மனமார ஆயிரம் வெள்ளி வரை கொடுக்கிறவர்கள் பிட்டுக்கு வரும்போது கையை இறுக்கிக்கொள்கிறார்கள். மொட்டை பிட் மாட்டிய விலை உயர்ந்த டிரில்லை விட, கூரான பிட் மாட்டிய சாதாரண டிரில் நன்றாக வேலை செய்யும். மரத்தைத் தொடுவது பிட்தான்.

10 மி.மீ. வரை நடுவில் முள் இருக்கும் மரப் பிட் எடுங்கள், வழுக்காமல் குறித்த இடத்தில் நிற்கும். பழைய கட்டையில் ஆணி இருக்கலாம் என்ற பயம் இருந்தால் இரும்பும் துளைக்கும் எச்எஸ்எஸ் பிட். போல்ட்டுக்காக ஆழமான ஓட்டை என்றால் ஆகர் பிட். அதன் முனையில் சின்னத் திருகு இருக்கும், அது மரத்தைக் கவ்வித் தானே உள்ளே இழுக்கும். அந்த முனைத் திருகின் புரியைக் கவனியுங்கள். அகலப் புரி மெத்தென்ற மரத்துக்கு. செங்காலில் அது வேகமாக இழுத்து பிட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கடின மரத்துக்கு நெருக்கப் புரி.

தட்டையான ஸ்பேட் பிட் மலிவு. மெராந்தியில் அவசரத்துக்குச் சரி, செங்காலில் அலறும். 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட் சமையலறை அலமாரியின் மறைவுக் கீலுக்கு வேண்டும்.

துளைக்கும் முறை இதுதான். கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். 1ஆம் கியர். முறுக்கு பலத்தை அளவோடு நிறுத்தும் கிளட்ச் வளையத்தை எண்ணில் வைக்காமல் டிரில் படத்தில் வையுங்கள். மெதுவாக ஆரம்பித்து, பிட் நேராக நின்றதும் வேகம் கொடுங்கள். இரண்டு விரற்கடை ஆழம் இறங்கியதும் சுற்றிக்கொண்டே பிட்டை வெளியே இழுத்துச் சிராயைக் கொட்டுங்கள். ஆகராக இருந்தால் திசையை மாற்றித் திருகைக் கவ்வலிலிருந்து விடுவித்த பிறகுதான் வெளியே வரும். சிராய் அடைத்துக்கொண்டால் பிட் எரியும், கருகல் வாடை வரும், ஓட்டைச் சுவர் கறுக்கும். கருகிய பிட்டின் கூர் போய்விடும். அடுத்த பக்கம் முனை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு மறுபக்கத்திலிருந்து துளையுங்கள், மரம் பிய்யாது.

திருகு போடும்போது தலை முறிந்துவிடுகிறது. டிரில்லில் பலம் கூடிவிட்டதா?

டிரில்மேல் குற்றமில்லை. செங்காலுக்கு முன்துளை போடாமல் திருகு இறக்க முடியாது. 5 மி.மீ. திருகுக்கு மெராந்தியில் 3 மி.மீ. முன்துளை போதும்; செங்காலில் 3.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பலகையின் முனைக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், இல்லாவிட்டால் வெடிக்கும். ஸ்டெயின்லெஸ் திருகு மென்மையானது, சட்டென்று முறியும். முதலில் அதே அளவு இரும்புத் திருகை இறக்கி, புரி வெட்டிக் கழற்றிவிட்டு, பிறகு ஸ்டெயின்லெஸ் திருகில் மெழுகுவத்தியைத் தேய்த்துப் போடுங்கள். கிளட்ச்சைச் சின்ன எண்ணில் ஆரம்பித்து, தேவைக்கு ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள்.

பக்கக் கைப்பிடி இடைஞ்சலாக இருக்கிறது. கழற்றி வைத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பெரிய டிரில்லில் அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

பிட் மரத்துக்குள் திடீரென்று பிடித்துக்கொண்டால் டிரில்தான் சுற்றும். 60 நியூட்டன் மீட்டர் என்று வையுங்கள். உங்கள் கை சுழலும் அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. அந்த இடத்தில் கையைத் திருகும் விசை 600 நியூட்டன், கிட்டத்தட்ட 60 கிலோ. எந்த மணிக்கட்டும் அதைத் தாங்காது. 30 செ.மீ. நீளக் கைப்பிடி மாட்டி இரண்டு கையாலும் பிடித்தால் அது 20 கிலோவாகக் குறைகிறது. ஏணிமேல் நின்று செய்யும்போது இந்த வித்தியாசம் உயிர் விஷயம். ஏணியில் ஒற்றைக் கையால் பெரிய ஆகர் ஓட்டுகிற தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

டிரில் சட்டென்று திரும்பினால் தானே அணைந்துகொள்ளும் வசதி சில மாடல்களில் இருக்கிறது. விலை கூடினாலும் கொடுக்கத் தகும். கைப்பிடியைக் கழற்றலாம் என்பதற்கு அது காரணமாகாது.

இதோடு சேர்த்து: கண்ணாடி போடுங்கள். செங்கால் தூள் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும், முகக்கவசம் நல்லது. தோளில் துண்டு, தொங்கும் தாவணி, நூல் கையுறை, இவை எதுவும் சுற்றும் பிட்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

சுத்தியல் படம் போட்டது வாங்க வேண்டுமா?

வீட்டுச் சுவர் செங்கல் மேல் சிமென்ட் பூச்சு. அதில் அலமாரி மாட்ட சுத்தியல் வசதி உதவும், விலையும் கொஞ்சம்தான் கூடும், எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் பீமுக்கு அது போதாது, அதற்கு எஸ்டிஎஸ் சுத்தியல் டிரில் தனி. மரத்தில் ஒருநாளும் சுத்தியல் குறியில் வைக்காதீர்கள்.

இடித்த வீட்டு உத்தரத்தில் ஆணி இருந்தால்?

இருக்கும். இல்லாத உத்தரம் அபூர்வம். தலை அரித்துப்போய், மரத்தின் நிறத்தோடு கலந்து உள்ளே ஒளிந்திருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, கட்டையின் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டு போங்கள். ஆணி இருக்கும் இடத்தில் ஒரு பக்கம் சாயும். அங்கே சாக்குக் கட்டியால் வட்டம் போட்டு, பிடுங்க முடிந்ததைப் பிடுங்கிவிட்டுத்தான் நல்ல பிட்டை மாட்ட வேண்டும். ஆழத்தில் இருக்கும் ஆணி காந்தத்துக்குத் தெரியாது. அதனால் ஆகரை இறக்கும் முன் அதே இடத்தில் 5 மி.மீ. எச்எஸ்எஸ் பிட்டால் வழி பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு தட்டினால் ஓட்டையை இரண்டு அங்குலம் தள்ளிக் குறிக்கலாம். ஆகரின் வாய் ஒரு தடவை ஆணியில் பட்டால் அரத்தால் பழையபடி கூராக்குவது பெரும்பாடு.

கம்பி டிரில் இதைவிட மலிவும் பலமும் இல்லையா?

பிளக் பக்கத்தில் இருந்தால், நாள் முழுக்கப் பெரிய ஓட்டை என்றால், ஆம். பேட்டரி தீரும் கவலையே இல்லை. ஆனால் நம் வேலை எங்கே நடக்கிறது? செம்பனைக் காட்டு ஓரத்து ஆட்டுக் கொட்டகையில், கோயில் பின்கட்டில், சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில். ஈரத் தரையில் ஒட்டுப்போட்ட கம்பியை இழுத்துக்கொண்டு 240 வோல்ட் டிரில் பிடிப்பது எனக்குப் பிடிக்காது.

சிங்கப்பூரிலிருந்தோ ஜப்பான் பழைய பொருள் கடையிலிருந்தோ வாங்கலாமா?

சிங்கப்பூரில் வாங்கினால் பிளக்கும் மின்சாரமும் நம்முடையது போலவேதான், சார்ஜரை அப்படியே மாட்டலாம். அங்கே கொடுக்கும் வாரன்ட்டி இங்கே செல்லுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் வருகிறவர்கள் உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வாட் மணி வரை தடையில்லை. 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரி 90தான்.

ஜப்பான் பழைய டிரில்லை நம்பி எடுக்கலாம், சார்ஜரை நம்பாதீர்கள். அந்த ஊர் மின்சாரம் 100 வோல்ட். அந்தச் சார்ஜரை நம் சுவரில் சொருகினால் புகைதான். இங்கே விற்கும், சிரிம் (நம் நாட்டுத் தர நிறுவனம்) முத்திரை உள்ள சார்ஜரைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியின் ஆயுளையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலுக்கு பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும்?

வைத்திருக்கும் விதத்தைப் பொறுத்தது. லித்தியத்துக்கு எமன் சூடு. வெயிலில் நிறுத்திய வேனுக்குள்ளும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடின மரத்தில் ஓட்டி முடித்ததும் பேட்டரியைத் தொட்டால் சுடும். ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். முழுக்கத் தீரும் வரை ஓட்ட வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பழக்கம், லித்தியத்துக்கு அது கெடுதல். டிரில் தளர ஆரம்பித்ததுமே மாற்றிவிடுங்கள். தீபாவளி வரை தொடப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், டிரில்லிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

எந்த பிராண்ட்?

மக்கித்தா, போஷ், டிவால்ட், மில்வாக்கி, எதிலும் நல்ல 18 வோல்ட் டிரில் கிடைக்கும். போஷ் கருவிகளுக்குப் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஆலையே இருக்கிறது. ஒரு பிராண்டில் கால் வைத்தால் பேட்டரிக்காகவே அதிலேயே தொடர வேண்டியிருக்கும், ஒன்றின் பேட்டரி மற்றதில் சேராது. அதனால் டிரில்லை மட்டும் பார்க்காமல், நாளைக்கு வாங்கப்போகும் வட்ட ரம்பம், கிரைண்டர், புல்வெட்டி எல்லாம் அதே பேட்டரியில் இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் தம்பி வீட்டில் ஏற்கெனவே ஒரு பிராண்ட் இருந்தால் அதையே வாங்குவது புத்திசாலித்தனம், அவசரத்துக்கு பேட்டரி கைமாற்றிக்கொள்ளலாம். பிரபல பிராண்ட் பெயரில் போலி பேட்டரி தாராளமாக உலவுகிறது. பாதி விலைக்குக் கிடைத்தால் தொடாதீர்கள்.

கடையில் எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

கையில் எடுக்கும்போது பேட்டரியோடு எடுங்கள், 5 ஆம்பியர் மாட்டினால்தான் நிஜமான கனம் தெரியும். சக் (பிட்டைக் கவ்வும் வாய்) 13 மி.மீ. இருக்க வேண்டும், உலோகமாக இருந்தால் உத்தமம். நேரான பிட் ஒன்றை மாட்டி மெதுவாக ஓட்டச் சொல்லி முனையைப் பாருங்கள். தள்ளாடினால் வேறு பெட்டி கேளுங்கள். விசையை மயிரிழை அழுத்தினாலும் மெல்லச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே பாய்கிற டிரில் கடின மரத்தில் ஓட்டையைத் தொடங்க உதவாது. இரண்டு கியரிலும் ஓட்டி, பல் அரைக்கும் சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். பக்கக் கைப்பிடி பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள், வெறும் உடல் மட்டும் விற்கும்போது சில சமயம் அது இருக்காது. தெரிந்த கடையாக இருந்தால் வீட்டிலிருந்து ஒரு துண்டு செங்கால் கட்டையும் உங்கள் ஆகர் பிட்டும் கொண்டுபோய், ஒரு ஓட்டை போட்டுப் பார்க்கட்டுமா என்று கடை முதலாளி தவுக்கேயிடம் கேளுங்கள். காட்சிக்கு வைத்த டிரில்லில் போட விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.